பனி லேசு, கொழுந்து கனம்

நுவரெலியாவில் ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். விடியற்காலை, எதிர்மலையே தெரியாதபடி மூட்டம் இறங்கிக் கிடக்கும்போது ஒன்று. பத்து மணிக்கு வெயில் ஏறி, தேயிலைச் செடியில் இலை இலையாக வெளிச்சம் விழும்போது இன்னொன்று. போன் அதே போன், மலை அதே மலை. ஆனால் படத்தின் விபரத்தைத் திறந்து எத்தனை மெகாபைட் என்று பார்த்தால், மூட்டம் விழுந்த படம் லேசாக இருக்கும். கொழுந்து நிறைந்த படம் அதைவிட நன்றாகவே கனக்கும்.

தரம் குறையாமல் படத்தின் சைஸைக் குறைப்பது எப்படி என்று கேட்காதவர்கள் இன்று ஹட்டனிலும் இல்லை, தலவாக்கலையிலும் இல்லை. அதற்கான விடை இந்த இரண்டு படங்களுக்கு இடையில்தான் கிடக்கிறது.

முதலில் கணக்கு. 12 மெகாபிக்சல் கெமரா எடுக்கும் படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள். மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். அப்படியே எழுதி வைத்தால் ஒரு படத்துக்கு 36 மெகாபைட் வேண்டும். போனில் இருப்பதோ மூன்று, நான்கு மெகாபைட். நீங்கள் யாருக்கும் அனுப்பும் முன்பே, பட்டனை அழுத்திய கையோடு, போன் பத்தில் ஒன்பது பங்கைக் குறைத்துவிட்டது. ஆக, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: எதைக் கழித்தால் கண்ணுக்குத் தெரியாது?

தேயிலை ஸ்டோரில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போனால் ஒரு கிலோ தூள் வரும். வாட்டி, உருட்டி, காய வைப்பதில் போவது பெரும்பாலும் தண்ணீர். தூளிலிருந்து மறுபடி கொழுந்தைச் செய்ய முடியாது. தேத்தண்ணி குடிப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. ஜேபெக் என்ற படவகை இந்த மாதிரி. பி.என்.ஜி வேறு மாதிரி. சேலையை மடித்து றங்குப் பெட்டியில் வைப்பது போல, எதையும் கழிக்காமல் மடிக்க மட்டும் செய்யும். விரித்தால் நூல் பிசகாமல் வரும். புகைப்படத்துக்கு அது பிடிக்கும் இடமும் அதிகம்.

ஜேபெக்குக்கு உள்ளே இருக்கும் கணிதத்துக்குப் பின்னால் நம் பக்கத்து மனிதர்கள் இருக்கிறார்கள். 1940இல் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த நசீர் அஹமட், 1972இல் ஒரு புதிய கணக்குமுறைக்கு அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் ஆய்வுப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறதாம். மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்து அது. அஹமட் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே. ஆர். ராவ் ஆகிய இருவருடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். 1992இல் ஜேபெக் நியமமானபோது அதன் உயிர்நாடியாக இருந்தது அந்த எளிமையான யோசனைதான்.

அது செய்வது இவ்வளவுதான். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளி புள்ளியாகச் சொல்லாமல், அலைகளின் கூட்டாகச் சொல்கிறது: மெதுவாக மாறும் நிழல் இவ்வளவு, படபடவென்று மாறும் சிலிர்ப்பு இவ்வளவு. பிறகு நம் கண் அதிகம் கவனிக்காத சிலிர்ப்பு எண்களை முரட்டுத்தனமாக வகுத்து, முழு எண்ணாக்குகிறது. பல எண்கள் பூச்சியமாகிவிடும். வரிசையாக நிற்கும் பூச்சியங்களை எழுத அதிக இடம் தேவையில்லை. நிறத்திலும் ஒரு தந்திரம் உண்டு. வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும் நம் கண், நிற வேறுபாட்டில் அத்தனை கறார் இல்லை. எனவே நிறத்தைப் பெரும்பாலும் கால்வாசிப் புள்ளிகளில் மட்டுமே வைத்துக்கொள்கிறது.

மூட்டத்தில் இருப்பது எல்லாம் மெதுவான நிழல். கொழுந்தில் இருப்பது எல்லாம் சிலிர்ப்பு. கனமும் லேசும் அங்கிருந்துதான் வருகின்றன. அளவுக்கு மீறிச் சுருக்கினால் இரண்டும் வேறு வேறு விதமாகக் கெடும். தேயிலை மலை பச்சைக் களி மாதிரி ஆகிவிடும். மூட்டமோ சதுரம் சதுரமாகத் திட்டு விழுந்து, சுண்ணாம்பு உரிந்த சுவர் போலத் தெரியும்.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கும் ஒரு பெண்மணியை, மங்கல் என்ற பேச்சு வரும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் வரும் கோல்புறூக்–கமரூன் சீர்திருத்தத்தின் கமரூனுடைய மனைவி, ஜூலியா மார்கரெட் கமரூன். விக்டோரியா காலத்தின் பெரிய புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். இவருடைய படங்களில் கூர்மையே இல்லை, எல்லாம் மங்கல் என்று அக்காலத்து விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அந்த மங்கலுக்காகவே இன்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஜேபெக்கில் போட்டால் அவை மிகவும் லேசாக இருக்கும் என்பது என் ஊகம்.

இனி வேலைக்கு வருவோம். பழைய பங்களாவிலோ சொந்த வீட்டிலோ விருந்தினர் அறை நடத்துகிறீர்கள், அதற்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு மெகாபைட் படங்கள் பத்தை அப்படியே ஏற்றினால் 40 மெகாபைட். மலைப்பக்கத்தில் வினாடிக்கு இரண்டு மெகாபிட் கிடைக்கும் இடத்தில் அந்தப் பக்கம் முழுதாகத் திறக்க 160 வினாடி. அதுவரை யார் காத்திருப்பார்? அதே படங்களைத் தலா 200 கிலோபைட்டாக்கினால் எட்டு வினாடி.

அந்த அளவுக்கு இறக்க முதலில் தொட வேண்டியது தரத்தை அல்ல, புள்ளிகளின் எண்ணிக்கையை. பெரும்பாலான போன் திரைகளின் அகலம் 1080 புள்ளி அளவுதான். 4000 புள்ளிப் படத்தை 1600க்குக் குறைத்தாலே புள்ளிகள் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். போன் திரையில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. அதன் பிறகு தர அளவை 75க்கும் 80க்கும் இடையில் வைத்து ஒரே ஒரு தடவை சேமித்தால் போதும். கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்-பி வகையில் சேமித்தால் இன்னும் மிச்சம். ஜேபெக்கை விட 25 முதல் 34 வீதம் சிறிது என்பது கூகுளின் கணக்கு. இதற்கென்று மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஸ்கூஷ் என்ற இலவசத் தளம் இருக்கிறது. சுருக்கும் வேலை உங்கள் கருவிக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே போகாது. முன்னும் பின்னும் எப்படி என்று நடுவில் கோடு போட்டுக் காட்டும். களி தெரிகிறதா என்று கொழுந்துப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நூறு அறிவுரைகளை விட அந்தக் கோடு நன்றாகச் சொல்லித் தரும்.

ஒரே தடவை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெட்டிச் சேமித்து, எழுத்துப் போட்டுச் சேமித்து, பேஸ்புக்கில் ஏற்றி, அங்கிருந்து இறக்கி மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு தடவையும் கழிவு நடக்கும். வடித்த தூளிலேயே திரும்பத் திரும்பச் சாயம் இறக்குவது மாதிரி. வட்ஸ்அப் மீது எல்லோரும் ஒரு பழி போடுவார்கள்: ஃபோவர்ட் பண்ணிப் பண்ணிப் படம் கெட்டுவிட்டது என்று. முழு உண்மை அல்ல. முதலில் அனுப்பும்போது அது படத்தைச் சுருக்குகிறது. பிறகு ஃபோவர்ட் செய்தால் அதே கோப்புத்தான் கைமாறுகிறது. கெடுப்பது நடுவில் ஸ்கிரீன்ஷொட் எடுப்பவர்கள். 2023 ஓகஸ்ட்டில் எச்.டி என்ற தெரிவு வந்தது. அதிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. படத்தை டொகுமென்டாக அனுப்பினால் மட்டுமே அசல் அப்படியே போகும். அப்படிப் போகும்போது, கெமராவில் இடப்பதிவு போட்டிருந்தால், படம் எடுத்த இடமும் கூடவே போகும். அறிமுகமில்லாதவருக்கு அனுப்பப்போகும் பிள்ளைகளின் படம் என்றால், எடுக்கும் முன்பே இடப்பதிவை அணைத்துவிடுங்கள்.

பத்திரங்கள் தனி விஷயம். பிரஜாவுரிமைச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் மலையகத்தில் வெறும் கடதாசிகள் இல்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் எத்தனை கந்தோர் ஏறி இறங்க வேண்டும் என்று இங்கே பலருக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது விளிம்பில் சட்டென்று மாறும் சிலிர்ப்பு. ஜேபெக் தடுமாறுவது அங்கேதான். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படரும். 2013இல் ஜெர்மனியின் கணினி விஞ்ஞானி டேவிட் கிரீசல் இதைவிடப் பயங்கரமான ஒன்றைக் கண்டுபிடித்தார். சில ஸெரொக்ஸ் இயந்திரங்கள், இடத்தை மிச்சப்படுத்த, ஒன்று போலத் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே உருவத்தைப் போட்டு ஸ்கேன் செய்தன. கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவே மாறியிருந்தது. மற்றத் தாள்களில் 6, 8 ஆகியது. மங்கலாக அல்ல, தெளிவான, பிழையான 8. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தியது. சான்றிதழ்களை பி.என்.ஜி ஆகவோ, நல்ல தரத்தில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப் ஆகவோ வைத்திருங்கள். இத்தனை கிலோபைட்டுக்குள் வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டால், ஓரங்களை வெட்டுங்கள், நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இலக்கங்களை அசலோடு ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். பாட்டன் பூட்டன் படங்கள் போனுக்குப் போன் தாவிய காலமும் அதுதான். அவற்றில் பல இன்று தபால் முத்திரை அளவுக்குச் சிறுத்து, முகம் கரைந்து கிடக்கின்றன. அவற்றைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது செயலிகள் வரிசையில் நிற்கின்றன. கழிந்துபோன புள்ளிகள் அந்தச் செயலிகளிடமும் இல்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் ஒரு கண்ணை, ஒரு மூக்கை அவையே வரைந்து வைக்கின்றன. படம் பளிச்சென்று இருக்கும். பாட்டி பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்பாள். அசல் படம் இன்னும் றங்குப் பெட்டிக்குள் இருந்தால், வெளியே எடுத்து, வாசலில் வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்து, கைநிழல் விழாமல் மறுபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.