எழுந்ததும் தலை சுற்றுகிறதா?

படுக்கையினின்று எழுந்ததும் கண் இருண்டு, தலை சுற்றி, சுவரைப் பற்றிக்கொள்ளும் முதியோர் நம் இல்லங்களில் பலர் உண்டு. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறையுமாயின், அதனைத் தனியொரு கோளாறாகவே மருத்துவர் கருதுகின்றனர். நிற்கும்போது கால்களை நோக்கி இறங்கும் குருதியை உடல் உடனே ஈடுசெய்யத் தவறுவதே இதன் காரணமாம்.

கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி அமைத்தது 1896-இல்தான். ஆயினும் நாடியையும் நாவையும் கொண்டு சீன மருத்துவர் இத்தலைச்சுற்றலை ஆராய்ந்து வந்துள்ளனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்', மேற்பகுதியில் 'ச்சி' எனும் உயிராற்றல் குன்றினால் மூளை நிறைவு பெறாது, காது இரையும், கண் சுழலும் என்கிறது. உணவினின்று அவ்வாற்றலைப் பெற்று மேலே அனுப்புவது மண்ணீரல் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் கூறும் மண்ணீரல் ஓர் உறுப்பு மட்டுமன்று. செரிமானத் தொழில் முழுவதையும் குறிப்பதாகும்.

போராலும் பட்டினியாலும் நலிந்த வடசீன மக்களைக் கண்ட லீ துங்-யுவான் (1180–1251), தாழ்ந்த ஆற்றலை உயர்த்தவென்று எட்டு மூலிகைகள் சேர்ந்த கஷாயம் ஒன்றை வகுத்தார். ஜின்செங்கும் அதிமதுரமும் அவற்றுள் அடங்கும். இன்றும் சீன வைத்தியர் இத்தகைய தலைச்சுற்றலுக்கு அதனை வழங்குகின்றனர்.

இங்கு நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்துவது மெய்யே. அதே பொருள் பொட்டாசியத்தைக் குறைத்து, இதயத் துடிப்பையும் குலைக்கவல்லது. இதய நோயாளரும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போரும் அதனைத் தாமாக உட்கொள்வது ஆபத்து.

மேலும், 'ஆற்றல் குறைவு' என்னும் ஒரே பெயருக்குள் பல காரணங்கள் மறைந்திருக்கலாம். நீரிழிவால் பழுதுற்ற நரம்பு, உடலில் நீர் வற்றுதல், உட்புறக் குருதிக் கசிவு, ஏன், அழுத்தத்தைக் குறைக்க உண்ணும் மாத்திரையே கூடக் காரணமாகலாம். இவற்றைக் கஷாயம் கண்டறியாது. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் மீண்டும் முன்போல் நடமாட இயலாமல் போகக்கூடும்.

எனவே, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்குமாறு மருத்துவரிடம் கேட்போம். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், மூலிகைகள் உட்பட, மறைக்காமல் சொல்வோம். அவரைக் கேளாமல் எதனையும் நிறுத்தாதிருப்போம். காலையில் கட்டிலின் விளிம்பில் சற்றே அமர்ந்து, கால்களை அசைத்து, பின்னர் எழுமாறு நம் பெரியோரைப் பழக்குவோம். மேலெழும் ஆற்றல் தளர்ந்தோரை அவசரப்படுத்தலாகாது என்னும் அளவில், பழைய சீனரின் கண்ணோட்டம் நமக்கும் பாடமே.