கூலி வாங்கியவனுக்குக் கதவு திறக்கிறதாம்!

கொத்தனார் ஒருவர் படகுப் பந்தயத்துக்குப் போனார். போனார் என்று சொல்வதுகூடப் பிழை. போகப் புறப்பட்டார்!

இங்கிலாந்திலே, தேம்ஸ் நதிக்கரையிலே, ஹென்லி என்ற ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் பந்தயம் உலகப் பிரசித்தம். 1920-ஆம் ஆண்டில் அதிலே கலந்துகொள்ள, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஜான் கெல்லி என்பவர் மனுப் போட்டார். துடுப்புப் போடுவதில் அமெரிக்கா கண்ட சூரர் அவர். மனு தள்ளப்பட்டது. ஏன்? குழுவின் நடவடிக்கைக் குறிப்பிலே இரண்டு காரணங்களை எழுதி வைத்தார்கள். அவர் சேர்ந்திருந்த படகுச் சங்கத்தின்மீது பழைய தடை ஒன்று இருந்தது, அது ஒரு காரணம். மற்றொன்றுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் கையால் வேலை செய்து பிழைப்பவர்! செங்கல் அடுக்கியவர்! உழைத்து உரமேறிய தோள்களோடு அவர் வந்து உட்கார்ந்தால், கனவான்களோடு நடக்கும் போட்டி சமமான போட்டி ஆகாதாம்!

கெல்லி என்ன செய்தார்? அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இங்கிலாந்துக்காரரையே தோற்கடித்துத் தங்கப் பதக்கத்தை வாங்கினார். ஹென்லிக் கனவான்கள் அந்த உடலுழைப்பு விதியை எடுத்தெறிய 1937 வரை பிடித்தது. (அந்தக் கொத்தனாரின் மகள்தான் பின்னாளில் சினிமா நட்சத்திரமாகி, மொனாக்கோ நாட்டு அரசரை மணந்த கிரேஸ் கெல்லி!)

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள், தோழர்களே. காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு உலகத்தில் இன்று ஒரே கூச்சல். காசு வாங்கி ஆடியவன் கல்லூரிக் களத்துக்குள் வரலாமா, கூடாதா? அதுதான் வழக்கு. பேரன் அடிக்கும் கூத்து விளங்க வேண்டுமானால் பாட்டனைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? ‘காசுக்காக ஆடாதவனே உத்தமன்’ என்ற தத்துவத்தின் பாட்டன் அந்த ஹென்லி விதி. வயிற்றுக் கவலை இல்லாதவர்கள் எழுதிய விதி அது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால், நம் ஊர்க் கல்லூரி ஆண்டு விழாவில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். (அவர்கள் கால்பந்து என்பது பந்தைக் கையிலே பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம், பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்குமேல் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமையை 2032 வரை நீட்டிக்க மட்டும், 2016-ல் பேசிய தொகை 880 கோடி டாலர். இத்தனைக்கும் மேலே கொடி பிடித்து நிற்பது என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906-ல் பிறந்தது.

பயிற்சியாளருக்குச் சம்பளம். டிக்கெட் விற்பவனுக்குச் சம்பளம். மைதானத்தில் புல் வெட்டுபவனுக்குச் சம்பளம். ஆடுகிறவனுக்கு மட்டும் சம்பளம் கூடாது! படிப்புக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அதற்குமேல் ஒரு காசு தொட்டால் தீட்டு! கல்லூரிக்கு வருமுன்பே எங்கேனும் காசுக்கு ஆடியிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தீட்டுக்கு முதலில் பலியான பெரிய பெயர் ஜிம் தோர்ப். சாக் அண்ட் பாக்ஸ் என்ற பூர்வகுடியிலே பிறந்தவர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில் படித்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டி கொண்ட பந்தயத்திலும், பத்துப் போட்டி கொண்ட பந்தயத்திலும் இரண்டு தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே பறித்துக்கொண்டார்கள். குற்றம்? 1909, 1910 கோடைக் காலங்களில் வட கரோலினாவில் பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் கூலி வாங்கிவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் பலர் அந்நாளில் அப்படி ஆடினார்கள், பொய்ப் பெயரிலே! தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். அதனாலே அகப்பட்டார். முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. பல மாதம் கழித்து எழுந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார்கள். விதியை மீறியவரைத் தண்டிக்க விதியை மீறினார்கள்! தோர்ப் 1953-ல் மாண்டார். பதக்கத்தைத் திரும்பக் கொடுக்கும் புத்தி 1982-ல்தான் வந்தது. அப்போதும் இன்னொருவரோடு பங்காக. தனி வெற்றியாளர் அவரே என்று அறிவித்தது 2022-ல். நூற்றுப் பத்து ஆண்டு!

இதைவிடக் கசப்பான கதை கொலராடோ மாநிலத்தில் நடந்தது. 1955-ல் ஒரு சிறிய கல்லூரியின் கால்பந்து அணியில் ஆடிய இளைஞன் தலையில் அடிபட்டு இறந்துபோனான். அவன் மனைவி, வேலையில் இருக்கும்போது செத்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டைக் கேட்டாள். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் நடத்தவில்லையே, அவன் எப்படித் தொழிலாளி ஆவான் என்பது வாதம். அந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லையே சங்கத்தார் உண்டாக்கினார்கள். இது நம் கற்பனை அல்ல. 1951 முதல் 1987 வரை அந்தச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், 1995-ல் எழுதிய நூலில் தாமே ஒப்புக்கொண்டது. ‘வீரர்’ என்று தனியாகச் சொன்னால் கூலி கேட்பான். ‘மாணவ வீரர்’ என்றால் மார்க்கு மட்டும் கேட்பான்!

இப்படிக் காத்த கற்பில் ஓட்டை இல்லாமல் இருந்ததா? 1974-ல் ஒரு விதி செய்தார்கள்: ஓர் ஆட்டத்தில் தொழில்முறைக்காரனாக இருந்தவன் வேறோர் ஆட்டத்தில் கல்லூரிக்காக ஆடலாம்! கிறிஸ் வெய்ங்கே என்பவர் 1990-ல் டொராண்டோ பேஸ்பால் நிறுவனத்தில் கையெழுத்திட்டு, கீழ்நிலை அணிகளிலே ஆறு ஆண்டு ஆடிச் சம்பளம் வாங்கியவர். பிறகு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கால்பந்து ஆடி, 2000-ல் கல்லூரி ஆட்டக்காரருக்கான மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 28! அது சரி என்றார்கள். சரியாகவே இருக்கட்டும்.

ஆனால் ஆண்டி ஆலிவர் என்ற பந்து வீச்சாளரைக் கேளுங்கள். 2006-ல் ஒரு தொழில்முறை நிறுவனம் அவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசியது. பள்ளிப் பிள்ளை, பக்கத்தில் ஒரு வக்கீலை உட்கார வைத்துக்கொண்டார். நிறுவனத்தோடு சேராமல் கல்லூரிக்கே போனார். வக்கீல் பக்கத்தில் இருந்தார் என்பதற்காக 2008-ல் அவரை ஆடவிடாமல் நிறுத்தினார்கள்! முதலாளி பேரம் பேச வரும்போது பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டுமாம். வழக்குப் போட்டார், 2009-ல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். பிறகு சங்கம் ஏழரை லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

கனடாவில் ஐஸ் ஹாக்கிக்குப் பெரிய இளைஞர் அமைப்பு ஒன்று இருக்கிறது. பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரை பிள்ளைகள் ஆடுவார்கள். கைச்செலவுக்கு ஏதோ சிறு தொகை கிடைக்கும். அங்கே ஆடினவன் தொழில்முறைக்காரன், அமெரிக்கக் கல்லூரிக்கு ஆகமாட்டான் என்று நெடுநாளாகத் தடை. ஒரு பையன் பதினாறு வயதில் அங்கே இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடினான். இரண்டே இரண்டு! கதவு அடைபட்டது. 2024 ஆகஸ்டில் அவன் பெயரால் வழக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே சங்கம் இறங்கி வந்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பிள்ளைகளும் ஆடலாம் என்று விதியை மாற்றியது. ஞானோதயம் அல்ல, வழக்கோதயம்!

உண்மையில் அணை உடைந்தது 2021-ல். படிப்புச் சார்ந்த சலுகைகளுக்கு இந்தச் சங்கம் வரம்பு கட்டியது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த மாதமே, தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து ஆட்டக்காரர்கள் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் பாக்கி தர வேண்டும். இனி ஒவ்வொரு கல்லூரியும் முதலாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே பங்கு கொடுக்கலாம்.

உள்ளே இருப்பவனே பகிரங்கமாகக் காசு வாங்கும்போது, வெளியே காசு வாங்கியவனை எந்த முகத்தோடு தடுப்பது? வரத் தொடங்கினார்கள். தொழில்முறைக் கூடைப்பந்தின் இளைய அணிகளில் சம்பளத்துக்கு ஆடியவர்கள் 2025-ல் கல்லூரிகளில் இடம் பிடித்தார்கள். நைஜீரியாவில் பிறந்து ஐரோப்பாவில் ஆடிய ஜேம்ஸ் நாஜி என்பவரை, 2023-லேயே அமெரிக்கத் தொழில்முறை அணிகள் தங்கள் வருடாந்திரப் பொறுக்கலில் 31-ஆவது ஆளாக எடுத்திருந்தன. 2025 டிசம்பரில் அவர் பேலர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர்கள் பலர் பதறினார்கள். பெரிய சங்கமான என்.பி.ஏ.யில் ஒப்பந்தக் கையெழுத்துப் போட்டவனை மட்டும் விடமாட்டோம் என்று புதுக்கோடு கிழித்தார், கல்லூரிச் சங்கத் தலைவர் சார்லி பேக்கர். கோடு எத்தனை நாள் நிற்குமோ! 2026 ஜனவரியிலேயே அப்படி ஒப்பந்தம் போட்ட ஒருவர் அலபாமா நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கிக் களமிறங்கினார். பிப்ரவரியில் நீதிபதி மறுத்த பிறகுதான் வெளியேறினார்.

கூலி வாங்கினான் என்பதற்காக ஒருவனுக்குப் படிப்பையும் ஆட்டத்தையும் மறுப்பது அக்கிரமம். அந்தத் தடை தொலைந்ததற்கு நாம் அழவேண்டியதில்லை. ஆனால் கைதட்டுவதற்கு முன்னே, பள்ளி முடித்துவிட்டு வாசலில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனைப் பாருங்கள். தகப்பன் ஆலையிலோ லாரியிலோ வேலை செய்பவன். ஆட்டத்தால் கிடைக்கும் உபகாரச் சம்பளம் இல்லையென்றால் கல்லூரி வாசலையே மிதிக்க முடியாதவன். 2025 ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் ஐஸ் ஹாக்கி அணிக்கு 26 பேர் என்று வரம்பு. இடம் கூடவில்லை, கேட்பவர் கூட்டம் கூடிவிட்டது. உடனே ஜெயிக்க வேண்டிய பயிற்சியாளர் யாரை எடுப்பார்? மூன்று ஆண்டு வளர்க்க வேண்டிய சிறுவனையா, இருபது வயதில் அடிபட்டுப் பழகிய ஆளையா? அவர் வேலை போகாமல் இருக்க, ஆளைத்தான் எடுப்பார். ஆக, பழைய விதி ஓர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தியது. புது விதி அவனை உள்ளே விட்டு, இன்னோர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள, 880 கோடி பேசியவர்கள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

இதற்கு வழி தேடியவர்களும் உண்டு. டார்ட்மத் கல்லூரியில், சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் 2022-ல் சங்கம் கண்டார்கள். அதைப் பார்த்த கூடைப்பந்து அணியினர், நாமும் இக்கல்லூரிக்கு உழைப்பவர்கள்தானே என்று கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி, ஆம், நீங்கள் தொழிலாளர்கள்தான் என்றார். மார்ச்சில் ஓட்டெடுப்பு: சங்கம் வேண்டும் என்று 13, வேண்டாம் என்று 2. கல்லூரி நிர்வாகம் பேச மறுத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறப்போகிறது, புது வாரியம் வந்தால் பாதகமான தீர்ப்பு நாடெங்கும் நிலைத்துவிடும் என்ற கணக்கில், அந்த ஆண்டின் கடைசி நாளன்று தொழிற்சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, இன்று நிலைமை என்ன? கூலி வாங்கியவன் வரலாம். வந்தபின் பங்குப் பணமும் வாங்கலாம். ‘தொழிலாளி’ என்ற பெயரை மட்டும் கேட்கக்கூடாது. அந்தப் பெயர் கிடைத்தால் சங்கம் வரும், அடிபட்டால் நஷ்டஈடு வரும், கொலராடோ விதவையின் பழைய மனு மறுபடி உயிர்பெறும். அதற்காகவே 2025-ல் அமெரிக்கக் காங்கிரசில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். கல்லூரி ஆட்டக்காரரைத் தொழிலாளராகக் கருதக்கூடாது என்பது அதன் ஷரத்துகளில் ஒன்று. டிசம்பரில் ஓட்டுக்கு விடுவதாக நாள் குறித்தார்கள். ஆதரவு போதவில்லை போலிருக்கிறது. ஓட்டுக்கு விடாமலே சபையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள்.