லென்ஸில் படியும் கடல் உப்பு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். எந்தத் திசையில் காற்று திரும்பினாலும் உப்பு வரும். ஜன்னல் கம்பியைத் தின்னும் அந்த உப்பு கம்ப்யூட்டரின் டி.வி.டி. டிரைவையும் விடாது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணமும் காதுகுத்தும் டி.வி.டி.யில்தான் பதிவாயின. அது ஓடவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று குப்பையில் போடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவின் லென்ஸை.

டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் பட்டாணி அளவுள்ள அந்த லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, லேசர் ஒளி எங்கே கூர்மையாகக் குவிகிறது என்று தேடும். சி.டி.க்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. டி.வி.டி.யில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான், சி.டி.யில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். உப்பு ஈரத்தை இழுத்து லென்ஸின் மேல் மங்கலான படலமாகும். கலங்கரை விளக்கின் கண்ணாடி மங்கினால் வெளிச்சம் தூரத்தை எட்டாததுபோல, டிஸ்க்கில் பட்டுத் திரும்பும் ஒளி குறைந்துவிடும். உள்ளே டிஸ்க் இல்லை என்றே டிரைவ் முடிவு கட்டிவிடும்.

கோளாறு எங்கே என்று அறிய வேறு வேறு டிஸ்க்குகளைப் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கிய பாட்டு சி.டி. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் சி.டி. அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை. முன்னது ஓடி, பின்னது ஓடாவிட்டால் லென்ஸ் அழுக்காக இருக்கலாம், அல்லது லேசர் தளர்ந்திருக்கலாம். சி.டி. எல்லாம் ஓடி, எந்த டி.வி.டி.யும் ஓடவில்லையா? பெரும்பாலும் சிவப்பு லேசர் போயிருக்கும். அதற்கு டிரைவை மாற்றுவதே வழி.

லேப்டாப் டிரைவில் சுத்தம் செய்வது எளிது. தட்டை இழுத்தால் லென்ஸும் கூடவே வெளியே வரும். முதலில் பவரை நிறுத்திவிடுங்கள். லேசர் கண்ணுக்கு ஆபத்து. செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது பட்ஸின் நுனியை நனைத்து, இறகால் தடவுகிற மாதிரி ஒரு சுற்று. அழுத்தவே கூடாது, முடி போன்ற கம்பிகளில்தான் லென்ஸ் தொங்குகிறது. தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் வெந்துபோகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழுந்த கீறல் தடத்தோடு ஒட்டியே ஓடி, தொடர்ச்சியாகத் தகவலை அழிக்கும். குறுக்கே விழுந்த கீறலை டிரைவின் பிழை திருத்தும் கணக்கு பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எழுத்து நடுவில்தான் தொடங்குகிறது. அங்கே அடிபட்டால் டிஸ்க்கையே டிரைவ் அடையாளம் காணாது. விளிம்பில் அடிபட்டால் முகூர்த்தம் ஓடும், வரவேற்பு நின்றுவிடும்.

வீட்டில் எழுதிய டி.வி.டி.யில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில் விழும் ஷோகேஸில் வைத்தால் அது வெளுத்துவிடும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதும் உண்டு. பக்கத்து வீட்டு டிரைவிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். படித்தால், அப்போதே முழுவதையும் பென்டிரைவுக்கு ஏற்றிவிடுங்கள்.