மருந்தடித்ததும் மயக்கமா? வெயில் என்று விட்டுவிடாதீர்கள்!

தோவாளைப் பக்கம் பிச்சிப்பூவில் மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்தவர் வரப்பில் உட்கார்ந்து, "தலையைச் சுத்துது" என்பார். "வெயில் ஏறிட்டு, ஒரு இளநி குடி" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். சில நாள் அது வெயிலாகவே இருக்கும். சில நாள் அது நரம்பில் ஏறிய விஷமாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

அடைபடாத மடை

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், டைமெத்தோயேட் ஆகியவை ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள். நரம்பு இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற பொருள். வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சி, வயல் நிறைந்ததும் அடைப்பது போலத்தான் இது. இந்த மருந்துகள் நொதியை முடக்குவதால் மடை அடைபடாமலே கிடக்கும். பூச்சி துடித்துச் சாவது இப்படித்தான். மனித உடலிலும் அதே நொதிதான் இருக்கிறது.

விஷம் வாய்வழியாக மட்டும் போவதில்லை. மூச்சிலும் போகும், தோலிலும் இறங்கும். கசியும் தெளிப்பான் முதுகை நனைத்தாலே போதும்.

அடையாளம் என்ன?

வியர்வை, தலைசுற்றல், வாந்தி வெயில் மயக்கத்திலும் உண்டு. ஆனால் வாயில் எச்சில் ஒழுகுவது, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, பார்வை மங்குவது, தசை துடிப்பது, நெஞ்சு இறுகி மூச்சுத் திணறுவது ஆகியவை விஷத்தின் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் விஷம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

* 108-ஐ அழையுங்கள்.
* நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடலையும் தலையையும் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொள்ள வேண்டும்.
* பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
* நினைவு தப்பினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
* மருந்து பாட்டிலின் லேபிளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்தே சிகிச்சை அமையும். அட்ரோபின் ஊசி முக்கியமான மாற்று மருந்து.

தெளிந்துவிட்டார் என்று அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது. ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவது உண்டு. சில மருந்துகளில் இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கால் மரத்து, நடை தளரும். அப்போது, "இன்ன மருந்து அடித்தேன்" என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் பழைய பாட்டில் இருக்கிறதா?

தென்னைக்கு வேர்வழி கட்டவும் வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினிக்கு ஊசி போடவும் மோனோகுரோட்டோபாஸ் பல ஆண்டு புழங்கியது. காய்கறிக்கு அது 2005-லேயே தடை. 36 சதவீத மோனோகுரோட்டோபாஸ் மருந்துக்கு 2023-ல் மத்திய அரசு தடை ஆணை பிறப்பித்தது. 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் இந்த விஷம் கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஆகவே மருந்தைச் சமையல் கட்டுப் பக்கமே வைக்காதீர்கள். காலி பாட்டிலை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள்.

மருந்து வாங்கும்போது லேபிளில் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சையும் விஷம்தான். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி அணியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மருந்தடித்தவர் குளித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மறுநாள் விடியும் முன்னே அதே செடியில் வெறுங்கையால் பூப்பறிக்க வருவது பெண்கள். என்றைக்கு, என்ன மருந்து அடித்தது என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள். லேபிளில் குறித்த நாள் கழியும் வரை தோட்டத்தில் ஆள் இறங்க வேண்டாம்.