இரண்டாவது கீப்பரின் விலை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் அணிகளில் இரண்டாவது விக்கெட் கீப்பர் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. கீப்பருக்கு விரல் பிசகினால் ஸ்லிப்பில் நிற்கும் பையன் வந்து குந்திக்கொள்வான். பந்து மெத்தென்று இருக்கும், பத்து ஓவரில் ஆட்டமும் முடிந்துவிடும். அதே பையனைத் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் டி.என்.பி.எல். நடக்கும் சங்கர் நகர் மைதானத்தில், தோல் பந்துக்கு நிறுத்தினால் இரண்டே ஓவரில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பரைக் கவனியுங்கள். குந்தியிருக்கும்போது கிளவுஸ் நுனி தரையில் இருக்கும். பந்து குத்தி எழும் அளவுக்குத்தான் அவர் உடம்பும் எழ வேண்டும்; அவசரப்பட்டு முன்னாலேயே எழுந்தால், தாழ்ந்து வரும் பந்து கிளவுஸுக்கு அடியில் புகுந்து நாலு ரன் ஓடிவிடும். லெக் சைடு பந்து இன்னும் கஷ்டம். பேட்ஸ்மேன் குறுக்கே நிற்பதால் பந்து ஒரு கணம் மறைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத பந்துக்குக் கை சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும். பல்லாயிரம் பந்துகளைப் பிடித்த பிறகுதான் இது கைவரும்.

2004 செப்டம்பரில், லார்ட்ஸ் மைதானத்தில், தன் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே ஹர்பஜன் சிங்கின் பந்தில் மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்தார் சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக். அப்போது வயது 19. நவம்பரில் டெஸ்ட் அணியிலும் இடம் கிடைத்தது. டிசம்பரில் ஒருநாள் அணிக்கு இன்னொரு கீப்பராக மகேந்திர சிங் தோனி வந்து சேர்ந்தார்.

பேட்ஸ்மேன்கள் ஓர் அணியில் ஆறு பேர் ஆடலாம். கீப்பருக்கு இடம் ஒன்றுதான். தோனி 90 டெஸ்ட் ஆடினார். கார்த்திக் 2004 முதல் 2018 வரைக்குமாகச் சேர்த்து 26 டெஸ்ட். நடுவே 2010 ஜனவரிக்கும் 2018 ஜூனுக்கும் இடையில் இந்தியா ஆடிய 87 டெஸ்ட்களில் அவர் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்னும் இடமும் இப்படித்தான். ஒரே ஆள், எல்லா ஆட்டமும் அவர் கை வழியாகவே போகும். அந்த ஊர் அணிகள் அனுபவசாலி ஒருவரை மாற்றாக வைத்துக்கொண்டு, சில பருவங்கள் முழுக்க உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. 2017 டிசம்பரில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் கார்சன் வென்ட்ஸ் காயப்பட்டதும், மாற்று ஆளான நிக் ஃபோல்ஸ் இறங்கினார். 2018 பிப்ரவரி 4 அன்று சூப்பர் போல் கோப்பையை வென்று ஆட்ட நாயகனும் ஆனார்.

சரியாக ஆறு வாரம் கழித்து, மார்ச் 18 அன்று, கொழும்பில் நிதாஹஸ் கோப்பை இறுதிப் போட்டி. தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள், கீப்பர் கார்த்திக். வங்கதேசத்துக்கு எதிராக 12 பந்தில் 34 ரன் தேவை என்ற நிலையில் களமிறங்கியவர், ருபெல் ஹுசைனின் முதல் பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பினார். அந்த ஓவரில் 22 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டியிருந்தபோது கவர் திசையில் ஒரு தட்டையான சிக்ஸர். 8 பந்தில் 29.

இந்த ஒரு ஆட்டத்தை வைத்து அவர் மதிப்பை அளப்பது நியாயமில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட்களில், நான்கு இன்னிங்ஸில், அவர் எடுத்தது மொத்தம் 21 ரன். மூன்றாவது டெஸ்டில் ரிஷப் பந்த் வந்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முதல் ஆள் போனால் அணி எவ்வளவு தூரம் கீழே விழும்? அந்தச் சரிவை எவ்வளவு குறைக்கிறாரோ அதுதான் இரண்டாம் ஆளின் மதிப்பு. அதோடு, காத்திருக்கும் காலத்தில் வேறு எதற்குப் பயன்படுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2007 இங்கிலாந்துத் தொடரில் தோனி கீப்பராக நிற்க, கார்த்திக் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ரன் எடுத்தார். இந்தியர்களில் அதுவே அதிகம். இங்கிலாந்தில் 21 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தொடரையும் வென்றது.

இளைஞரை விட்டுவிட்டு வயதானவரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? இளம் கீப்பருக்கு ஆட்டம் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தால் கை துருப்பிடித்துவிடும். ஆண்டுக்கணக்கில் பிடித்துப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. இதற்கு இங்கிலாந்தின் பாப் டெய்லரை விட நல்ல சாட்சி கிடையாது. 1971-இல் ஒரு டெஸ்ட் ஆடியவர், முதல் கீப்பரான ஆலன் நாட், பேக்கர் நடத்திய தனியார் தொடருக்குப் போகும் வரை, 1977 வரை, அடுத்த டெஸ்டுக்காகக் காத்திருந்தார். கவுண்டி ஆட்டங்களில் ஒருநாளும் தளரவில்லை. முதல்தர கிரிக்கெட்டில் 1,649 பேரை ஆட்டமிழக்கச் செய்தது இன்றும் உலகச் சாதனை. 1986-இல், ஓய்வுபெற்று இரண்டாண்டு ஆன பிறகு, லார்ட்ஸில் விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். நியூசிலாந்து பந்துவீச்சாளர் ஹாட்லியின் பந்து தலையில் பட்டு இங்கிலாந்துக் கீப்பர் புரூஸ் ஃபிரெஞ்ச் விழுந்தார். நியூசிலாந்து கேப்டன் சம்மதிக்க, 45 வயது டெய்லர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு இறங்கிச் சுத்தமாகக் கீப்பிங் செய்தார்.

2017-இல் வந்த விதிமாற்றம் இந்த இடத்தின் விலையை இன்னும் ஏற்றியது. நடுவர் அனுமதித்தால் மாற்று வீரரே கீப்பிங் செய்யலாம். பேட்டிங்கும் பந்துவீச்சும் கூடாது. 2025 ஜூலையில் லார்ட்ஸில் ரிஷப் பந்த்துக்கு விரலில் அடி, மான்செஸ்டரில் பாதத்தில் எலும்பு முறிவு. இரண்டு முறையும் துருவ் ஜுரெல்தான் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றார். ஓவல் டெஸ்டுக்கு ஜுரெலே முதல் கீப்பர் ஆனதும், அவருக்கு மாற்றாகத் தமிழ்நாட்டு அணியின் 29 வயது என். ஜெகதீசனை அழைத்தார்கள். ஆடும் பதினொருவரில் அவர் பெயர் இல்லை. ஆனால் முதல் நாள் காலையிலேயே ஜுரெலின் விரல் உடைந்திருந்தால், அந்த டெஸ்டில் இந்தியாவின் கீப்பர் அவர்தான்.