உங்களுக்குத் தெரியுமா? பாலிக்கு டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பாருங்கள்

● இந்தோனேசியாவின் பாலித் தீவில் வருடத்துக்கு ஒரு நாள் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். புயலோ வேலைநிறுத்தமோ அல்ல, வருடப் பிறப்பு! அதற்கு ஞெபி என்று பெயர். காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணிவரை தீவு முழுக்க நான்கு தடைகள்: நெருப்பும் விளக்கும் கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. பலர் விரதமும் இருப்பார்கள். 2018 முதல் அன்று செல்போன் இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுலா வந்தவர்களுக்கும் சலுகை கிடையாது. ஓட்டல் வளாகத்தைத் தாண்டக் கூடாது, அறை வெளிச்சம் வெளியே தெரியாதபடி திரையை இழுத்துவிட வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய பெச்சாலாங் என்னும் ஊர்க்காவலர்கள் தெருத்தெருவாக ரோந்து வருவார்கள். பிரசவம், ஆஸ்பத்திரி போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஒரு நாள் வீணாகிறதே என்று இந்தத் தேதியைத் தவிர்த்து டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பாலியில் ஒரே ஒரு நாள்தான் இருக்க முடியும் என்றால் இந்த நாளில் இருங்கள் என்பேன். 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் தீவு அது. அங்கே ஒரு வண்டி ஓடாது, ஒரு தெருவிளக்கு எரியாது. அமாவாசைக்கு மறுநாள் என்பதால் நிலவும் இருக்காது. அப்படி ஒரு நட்சத்திர வானம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

● ஞெபி கணக்கிடப்படுவது சக ஆண்டு முறையில். கி.பி. 78-ல் தொடங்கும் அதே சக ஆண்டைத்தான் இந்திய அரசும் 1957 முதல் தேசியக் காலண்டராக வைத்திருக்கிறது. 2026-ல் பாலியின் சக ஆண்டு 1948 பிறக்கும் நாள் மார்ச் 19. நம் அரசுக் காலண்டரில் அதே 1948 பிறப்பது மார்ச் 22. இடையே மூன்றே நாள்!

● ஞெபிக்கு முந்தின இரவு நேர் எதிர். மூங்கிலும் காகிதமும் கொண்டு ஆள் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரமான பூதங்களைச் செய்து, மேளதாளத்தோடு தெருவில் தூக்கி வருவார்கள். ஓகோ-ஓகோ என்று பெயர். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கோரைப் பல் எல்லாமே அந்தந்தப் பஞ்சாரின் பிள்ளைகள் வாரக்கணக்கில் கண்விழித்துச் செய்தவை. பஞ்சார் என்றால் அந்த ஊரில் குடியிருப்புச் சங்கம். நாற்சந்தி வந்ததும் பூதத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். கெட்ட சக்திகளுக்குத் திசை தெரியாமல் போகட்டும் என்று. ஊர்வலம் முடிந்தால் பெரும்பாலும் நெருப்புத்தான். இது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தீவு முழுக்கப் பரவியது 1980-களில்தான்.

● ஞெபிக்கு மறுநாள் தென்பசார் நகரின் செசெத்தான் பகுதியில் கல்யாணமாகாத பையன்களும் பெண்களும் எதிரெதிர் அணியாக நிற்பார்கள். முன்னால் நிற்கும் இருவரையும் கூட்டம் ஒருவர்மேல் ஒருவராகத் தள்ளும். அவர்கள் கட்டிக்கொள்வார்கள், முத்தமிட்டுக்கொள்வதும் உண்டு. உடனே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பிரிப்பார்கள். கோயில் பிரார்த்தனையோடு தொடங்கும் சடங்கு இது.

● பாலியில் இன்னொரு காலண்டரும் புழக்கத்தில் இருக்கிறது: 210 நாளுக்கு ஒரு சுற்று. முப்பது வாரம், ஒவ்வொரு வாரத்துக்கும் தனிப் பெயர். நிலவும் சூரியனும் இதில் கணக்கே இல்லை. அதனால் பெரிய பண்டிகையான கலுங்கான் 2025-ல் ஏப்ரல் 23, நவம்பர் 19 என இரண்டு முறை வந்தது. 2026-லோ ஜூன் 17 மட்டும்தான். இணையத்தில் யாரோ போன வருடம் எழுதிய தேதியை நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

● கலுங்கான் அன்று முன்னோர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பத்தாம் நாள், குனிங்கானன்று திரும்பிப் போகிறார்கள். நம் மகாளய நாட்களைப்போலத் தோன்றினாலும் அங்கே அது துக்கம் கலந்த நாள் அல்ல, கொண்டாட்டம். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு முழு மூங்கில். அதன் நுனி தானே வளைந்து தெருவின் பக்கம் தொங்கும். இளந்தென்னங்குருத்தைக் கத்தியால் நறுக்கி, மடித்து, கோத்துச் செய்த தோரணம் அடியிலிருந்து நுனிவரை இருக்கும். தேங்காய், நெற்கதிர், பழம், பலகாரம் என்று விளைந்ததையெல்லாம் அதில் கட்டுவார்கள். இந்தப் பென்ஜோர்கள் இரண்டு வரிசையாக வளைந்து நிற்க, நடுவே கிராமத்துத் தெருவில் நடந்து போவது பெரிய கொடுப்பினை. முந்தின நாளே பன்றி அடித்து, காய்கறியும் தேங்காய்த் துருவலும் மசாலாவும் பிசைந்து லாவார் செய்துவிடுவார்கள். அதை ஆண்கள்தான் நறுக்கிப் பிசைய வேண்டும்.

● கலுங்கானுக்கு 25 நாள் முன்னால் மரங்களுக்கு ஒரு பண்டிகை! தோட்டத்து மரத்துக்குக் கஞ்சி படைத்து, அடிமரத்தைத் தட்டி, "இன்னும் 25 நாளில் கலுங்கான் வருகிறது, நிறையக் காய்த்துக் கொடு" என்று கேட்பார்கள்.

● நம் ஆயுத பூசை, மாட்டுப் பொங்கல் இரண்டுக்கும் அங்கே சோடி உண்டு. 35 நாளுக்கு ஒருமுறை வரும் விசேஷ சனிக்கிழமைகளுக்குத் தும்பெக் என்று பெயர். ஒன்று இரும்புக்கு: அந்தக் காலத்தில் குறுவாளுக்கு, இப்போது காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் குருத்தோலைத் தோரணம். இன்னொன்று ஆடு மாடு, பன்றி, கோழிகளுக்கு. வேறொன்று நிழற்பொம்மைகளுக்கு.

சரஸ்வதி பூசையும் உண்டு. 210 நாள் சுற்றின் கடைசி நாள் அது. புத்தகங்களையும் ஓலைச்சுவடிகளையும் அடுக்கிப் படையல் வைப்பார்கள். பூசை முடியும்வரை படிக்கவோ எழுதவோ கூடாது. "இன்னைக்குப் படிக்கக் கூடாது" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகச் சொல்லும் அதே விதி, வங்கக் கடலையும் தாண்டி அங்கே! மறுநாள் விடியற்காலையில் குடும்பம் குடும்பமாகக் கடலிலும் ஊற்றிலும் நீராடுவார்கள். 2026-ல் ஏப்ரல் 4, அக்டோபர் 31 என்று சரஸ்வதி இரண்டு முறை வருகிறாள்.

● சிவராத்திரியன்று பாலியில் சொல்லும் கதை நமக்குப் பாட்டி சொன்ன வேடன் கதையேதான். மரத்தில் ஏறி, தூக்கம் வராதிருக்க வில்வ இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான், கீழே லிங்கம். அங்கே அவன் பெயர் லுப்தகன். 15-ஆம் நூற்றாண்டில் தனகுங் என்ற கவி பழைய ஜாவா மொழியில் இதைக் காவியமாகப் பாடினார். நமக்கு மாசியில் வரும் சிவராத்திரி, அவர்களுக்குப் பெரும்பாலும் ஜனவரியில் வந்துவிடும்.

● கிழக்குப் பாலியில் தெங்கானான் என்ற பழங்கிராமம். ஜூன் வாக்கில் நடக்கும் திருவிழாவில் ஆண்கள் மேல்சட்டையில்லாமல், ஒரு கையில் பிரம்புக் கேடயம், மறு கையில் முள் நிறைந்த தாழை மடல்கட்டு ஏந்தி மோதுவார்கள். இந்திரனுக்கான காணிக்கை அது. ஒரு மோதல் சில விநாடிகள்தான். முதுகில் இரத்தக் கீறல்கள். முடிந்ததும் மஞ்சளும் அரத்தையும் சேர்த்த மருந்தை ஒருவர் முதுகில் ஒருவர் தடவி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சண்டையில் பகை வளர்ந்ததாகப் பேச்சே இல்லை.

அன்று பெண்கள் உடுத்தியிருக்கும் துணியையும் நின்று பாருங்கள். பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றிய கெரிங்சிங் அது. குஜராத்தின் பாட்டன் பட்டோலாவும் இதே முறைதான். ஒரு துணி முடிய வருடக்கணக்கில் ஆகும். விலை கேட்டு முகம் சுளிக்காதீர்கள்.

● மேற்கே ஜெம்பிரானாவில் ஜூலை முதல் நவம்பர்வரை எருமை வண்டிப் பந்தயம். முதலில் வந்தால் மட்டும் வெற்றி இல்லை: பின்னால் வரும் வண்டி 10 மீட்டருக்குள் நெருங்கி முடித்துவிட்டால் வெற்றி அதற்குத்தான்!

● ஜூலை, ஆகஸ்டில் சானூர்ப் பக்கம் பட்டம் விடும் காலம். ஜாங்கான் பட்டத்தின் வால் 100 மீட்டரையும் தாண்டும். தூக்கி ஓடவே ஒரு படை வேண்டும். ஜூன் நடுவிலிருந்து ஒரு மாதம் தென்பசாரில் கலைவிழா; 1979 முதல் நடக்கிறது.

● நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று ஐதீகமுள்ள ஏகதச ருத்ர யாகம் 1963-ல் பெசாகிக் கோயிலில் நடந்துகொண்டிருக்கும்போதே, மேலே நிற்கும் ஆகுங் எரிமலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீக்குழம்பு கோயிலைத் தொடாமல் ஒதுங்கிப் போயிற்று. நூறு வருடம் காத்திருக்காமல் 1979-ல் மறுபடி செய்து நிறைவேற்றினார்கள்.

● எந்தத் தேதியும் ஒத்துவரவில்லையா? கவலை வேண்டாம். ஊருக்குக் குறைந்தது மூன்று கோயில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுவிழா. எந்த வாரம் போனாலும் எங்காவது ஒன்று நடக்கும். ஓட்டல்காரரிடமோ வண்டி ஓட்டுகிறவரிடமோ கேளுங்கள். இடுப்பு வேட்டியும் அதன்மேல் கட்டும் கச்சையும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதி. கும்பிடுகிறவர்களுக்குக் குறுக்கே நடக்காதீர்கள். பூசாரியைவிட உயரமான இடத்தில் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள்.