மென்பொருள் வானொலியும் திறந்த மூலமும்: வன்னிப் பின்னணியில் ஒரு நோக்கு

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் மேற்கொண்ட பரிசோதனைகளின் பயனாக, 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி வெலிக்கடையிலிருந்து முறைப்படி இயங்கத் தொடங்கியது. அன்று தொட்டு வானொலியின் வடிவும் அளவும் பலவாறு மாறியுள்ளன. எனினும் கேட்பவருக்கும் கருவிக்கும் இடையிலான உறவு பெரிதும் மாறவில்லை. கருவியை ஆக்கியவர் வேறொருவர். அதன் உள்ளமைப்பை அறிந்தவர் வேறொருவர். கேட்பவர் குமிழைத் திருப்புபவராக மட்டுமே இருந்து வந்துள்ளார். இவ்வுறவை அடிப்படையில் மாற்றத்தக்க ஒரு தொழினுட்பமே மென்பொருள் வானொலி. அதன் இயக்கத்தையும், லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமையில் அதனைப் பயன்படுத்தும் வகையையும் விளக்கி, மல்லாவி போன்றதோர் ஊரின் மாணவருக்கு அது எத்துணைப் பொருளுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்லாவியை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், வவுனிக்குளத்தை அண்டி அமைந்த இவ்விவசாய ஊர், 1996 இல் கிளிநொச்சி நகரிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த வேளையில் அவர்களுட் பலருக்கு ஒதுக்கிடமாயிற்று. அக்காலத்தில் வன்னியில் மின்வழங்கல் இல்லை. வானொலிக்கு வேண்டிய மின்கலங்களோ பொருளாதாரத் தடையின் கீழ் வன்னிக்குள் எடுத்துவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழும் மின்னைக் கொண்டு மக்கள் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். தம்மைப் பற்றிய செய்தியைத் தாமே அறிவதற்கு இலண்டனிலிருந்தும் மணிலாவிலிருந்தும் வந்த சிற்றலையை நம்பியிருந்த சமூகம் அது. வானொலி அங்கு பொழுதுபோக்குச் சாதனம் அன்று. வாழ்வின் இன்றியமையாத் தேவை. ஆயினும் அத்தேவையைத் தந்த கருவியின் அறிவு அச்சமூகத்தின் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்தது. அத்தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30 உடன் நிறுத்தப்பட்டது.

பழைய வானொலியின் அமைப்பு

திரான்சிற்றர் வானொலி ஒன்றைத் திறந்து பார்ப்போர் சுருள்களையும் கொள்ளளவிகளையும் இருவாயிகளையும் காண்பர். அன்ரெனாவில் ஒரே வேளையில் பல நிலையங்களின் அலைகள் வந்து சேர்கின்றன. அவற்றுள் வேண்டிய மீடிறனைப் பரிவுச் சுற்று ஒன்று தெரிந்தெடுக்கும். பின்னர், 1918 இல் அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ரோங் வகுத்த முறைப்படி, அவ்வலை ஒரு நிலையான இடைநிலை மீடிறனுக்கு மாற்றப்படும். மத்திய அலை வாங்கிகளில் இது வழமையாக 455 கிலோஹேர்ட்ஸ் ஆகும். இறுதியில் வேறொரு சுற்று அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும்.

இவ்வமைப்பில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு சுற்று உண்டு என்பது கவனித்தற்குரியது. மத்திய அலைக்காக ஆக்கப்பட்ட சுற்றால் பண்பலையைக் கேட்க இயலாது. வானொலியின் பணி ஈயத்தாற் பற்றவைக்கப்பட்டு நிலைபெற்றுவிடுகின்றது. அதனை மாற்ற விரும்புபவர் புதிய சுற்றை ஆக்கவேண்டும். அன்றேல் புதிய கருவியை வாங்கவேண்டும்.

அலை எண்ணாகும் விதம்

மேற்கூறிய சுற்றுக்கள் செய்யும் பணிகள் யாவும் உண்மையிற் கணிதச் செய்கைகளே. வடிகட்டல், பெருக்கல், கூட்டல் என்பவற்றைச் சுற்றுக்களுக்குப் பதிலாகக் கணினியே செய்யலாம். அலையை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பதே வேண்டப்படுவது. 1990 களின் தொடக்கத்தில் ஜோசப் மிற்றோலா என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இக்கருத்தை ‘மென்பொருள் வானொலி’ என்ற பெயரால் பரவச் செய்தார். 2001 இல் எரிக் புளொசம் என்பவர் ஜோன் கில்மோரின் நிதியுதவியுடன் குனூ ரேடியோ என்னும் மென்பொருளைத் தொடக்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். எனினும் அலையை எண்ணாக்கும் வன்பொருள் அந்நாளில் விலை மிக்கதாகவே இருந்தது.

இந்நிலை 2012 இல் மாறியது. கணினியிற் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட, பெருவிரலளவான ஒரு மலிவுக் கருவியில் ரியல்ரெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த சுற்று ஒன்று இருந்தது. தொலைக்காட்சிப் படத்தை மட்டுமன்றி, அலையின் மூல எண்களையும் அது வெளிவிடும் என்பதை அன்ரி பலோசாரி என்ற பின்லாந்து நாட்டு நிரலாளர் எடுத்துக்காட்டினார். ஒஸ்மோகொம் குழுவைச் சார்ந்த ஸ்ரீவ் மார்க்கிராப் முதலியோர் அதற்குரிய திறந்த மூல மென்பொருளை எழுதினர். ஆர்.ரி.எல்.-எஸ்.டி.ஆர். என வழங்கும் இக்கருவி, சில ஆயிரம் ரூபாய் விலையில், ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சில் அலைகளை வாங்கவல்லது.

இக்கருவி செய்வது யாது? அன்ரெனாவில் வரும் அலையின் ஒரு பட்டையைத் தாழ்ந்த மீடிறனுக்கு இறக்கி, செக்கனுக்கு 24 இலட்சம் மாதிரிகள் வரை எடுத்துக் கணினிக்கு அனுப்புகின்றது. ஒவ்வொரு மாதிரியும் இரண்டு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 8 பிற் அளவினது, அதாவது 256 படிகளுள் ஒன்று. செக்கனுக்கு 48 இலட்சம் பைற்றுக்கள் கணினியினுள் புகுகின்றன. ஒரு நிமிடப் பதிவு 288 மெகாபைற் இடத்தைக் கொள்ளும்.

இரண்டு எண்கள் எதற்கு என்ற வினா எழலாம். உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயின்ற மாணவர் சிக்கலெண்ணை அறிவர். ஒவ்வொரு மாதிரியும் ஒரு சிக்கலெண்ணே. ஆகண் தளத்தில் அது ஒரு புள்ளியாகும். உற்பத்தியிலிருந்து அப்புள்ளிக்குள்ள தூரம், அதாவது மட்டு, அக்கணத்தில் அலையின் வீச்சத்தைத் தருகின்றது. அது அச்சுடன் ஆக்கும் கோணம் அலையின் அவத்தையைத் தருகின்றது. வீச்சப் பண்பேற்றத்தில் ஒலியானது அலையின் வீச்சத்தில் அடங்கியிருப்பதால், ஒவ்வொரு மாதிரியினதும் மட்டைக் கணித்தால் ஒலி கிடைக்கும். மீடிறன் பண்பேற்றத்தில் ஒலி மீடிறனின் ஏற்ற இறக்கத்தில் அடங்கியிருப்பதால், அடுத்தடுத்த இரு மாதிரிகளின் கோண வேறுபாட்டைக் கணித்தால் ஒலி கிடைக்கும். முன்னர் இருவேறு சுற்றுக்கள் வேண்டியிருந்த இடத்தில் இப்போது இரண்டு வரிக் கணிதம் போதுமாகின்றது. பற்றவைக்கப்பட்டிருந்த அறிவு எழுத்தாகி, படிக்கத்தக்க வடிவில் முன்வைக்கப்படுகின்றது.

லினக்சில் இயக்கும் முறை

டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வழங்கல்களில் இதற்கு வேண்டிய மென்பொருட்பொதிகள் யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலியைக் கேட்கும் அளவிற்குச் சில ஆண்டுகள் பழைய கணினியும் போதுமானது. எனினும் தொடங்குவோரை முதலில் தடுப்பது ஒரு சிறு சிக்கல். கருவியைச் செருகியதும் லினக்சின் கருநிரல் அதனைத் தொலைக்காட்சி வாங்கி எனக் கொண்டு, அதற்குரிய இயக்கியை ஏற்றிவிடுகின்றது. அவ்வியக்கி கருவியைப் பிடித்து வைத்திருக்கும்வரை வானொலி மென்பொருளால் அதனை அணுக இயலாது. எனவே அவ்வியக்கியின் பெயரை விலக்கற் பட்டியலில் எழுதி, கணினியை மறுபடி தொடக்கவேண்டும். சாதாரண பயனர் கருவியை அணுகுவதற்கான அனுமதி விதியையும் சேர்த்தல் வேண்டும்.

அடுத்து ஜிகியூஆர்எக்ஸ் என்னும் மென்பொருளைத் திறந்து மீடிறனைக் கொடுத்தால், திரையில் அலைமாலை தோன்றும். ஒலிபரப்பு நிலையங்கள் முகடுகளாக எழுந்து நிற்கும். அவற்றின் கீழே காலப்போக்கைக் காட்டும் வண்ணப் பட்டை ஒன்று இறங்கிவரும். மலிவான கருவிகளின் பளிங்கு அலையத்தில் சிறு வழு இருப்பது இயல்பு. பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வழு இருப்பின், 100 மெகாஹேர்ட்சில் 5 கிலோஹேர்ட்ஸ் விலகல் ஏற்படும். மீடிறன் அறியப்பட்ட நிலையமொன்றை வைத்து இதனைத் திருத்திக்கொள்ளலாம். இதனிலும் ஆழமாகச் செல்ல விரும்புவோர் குனூ ரேடியோவில் வடிகட்டி, கலப்பி, பண்பிறக்கி என்பவற்றைக் கட்டங்களாக அடுக்கி இணைத்து, தமக்கு வேண்டிய வாங்கியைத் தாமே அமைக்கலாம்.

அன்ரெனாவும் எளியதே. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர். எனவே 75 சதம மீற்றர் நீளமான இரு செப்புக் கம்பிகள் பண்பலைக்குப் போதும்.

மல்லாவியிலிருந்து எவற்றைப் பெறலாம்?

பண்பலை நிலையங்களைக் கேட்பது தொடக்கமே. விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் 1,090 மெகாஹேர்ட்சில் இடையறாது அறிவிக்கின்றன. 10 கிலோமீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்தின் அலை, தடையேதும் இல்லாவிடின், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் வரை எட்டும். ஆதலின் தென்னிந்தியாவின் தென்பகுதிக்கும் இலங்கைக்கும் மேலாகப் பறக்கும் விமானங்களை வன்னியிலுள்ள பாடசாலையொன்றின் கூரையிலிருந்தே குறித்துக்கொள்ளலாம்.

இதனிலும் பயன் மிக்கது வானிலைச் செய்மதி. அமெரிக்காவின் நோவா வரிசைச் செய்மதிகள் உலகெங்கும் மாணவருக்கு நெடுங்காலம் படங்களை வழங்கி வந்தன. அவற்றுள் எஞ்சியிருந்த மூன்றும் 2025 இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டன. எனினும் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் ஏவப்பட்ட இரசிய மீற்றியோர் வரிசைச் செய்மதிகள் 137 மெகாஹேர்ட்சை அண்டி இலக்கமுறைப் படங்களை அனுப்பும் வகையில் அமைந்தவை. ஏறத்தாழ 53 சதம மீற்றர் நீளமான இரு கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து அமைத்த அன்ரெனாவும், சற்டம்ப் என்னும் திறந்த மூல மென்பொருளும் அப்படங்களைப் பெறப் போதுமானவை. 2020 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி வன்னியைக் கடந்து சென்றது. அத்தகைய புயலின் முகில்திரளை, இணைய இணைப்பு இன்றியே, தன் பாடசாலை முற்றத்திலிருந்து மாணவன் ஒருவன் பெறமுடியும் என்பது சிறிய செய்தி அன்று. ஆனால் செய்மதி ஒரு நாளிற் சில தடவைகளே, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் வரையே, வானிற் கடந்து செல்லும். எனவே இது வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்புக்கு மாற்றாகாது. அம்முன்னறிவிப்பு எவ்வாறு உருவாகின்றது என்பதை விளங்கிக்கொள்ள உதவும் கல்விச் சாதனமேயாகும்.

எல்லைகள்

இத்தொழினுட்பத்தின் விடுதலைத் தன்மையை மிகைப்படுத்தல் ஆகாது. மென்பொருள் திறந்தது, வன்பொருள் திறந்ததன்று. மேற்கூறிய ஒருங்கிணைந்த சுற்றின் முழு விளக்கத்தை அதனை ஆக்கிய நிறுவனம் பொதுமக்களுக்கென வெளியிடவில்லை. நிரலாளர் அதன் இயல்பைச் சோதித்து அறிந்தே மென்பொருளை எழுதினர். சுற்றை ஆக்கும் தொழிற்சாலை நம்மிடம் இல்லாதவரை, உற்பத்திச் சாதனத்தின் ஒரு பாதியே நம் வசமாகின்றது. மேலும், மக்கள் அன்று சைக்கிள் மிதித்துக் கேட்ட சிற்றலை இக்கருவியின் இயல்பான வீச்சுக்கு வெளியே உள்ளது. அதனைப் பெறத் தனியான இணைப்போ மாற்றியமைத்த கருவியோ வேண்டும்.

சட்டமும் கருதற்பாலது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், உரிமம் இன்றி அலைபரப்புதல் குற்றமாகும். பிறருக்கென அனுப்பப்படும் செய்திகளை இடைமறித்தலும் தகாது. இங்கு விளக்கிய கருவி அலையை வாங்குமேயன்றிப் பரப்பாது. எனினும் அன்ரெனா ஒன்று ஐயத்துக்கு இடமளித்த காலம் வன்னி மக்களின் நினைவிலிருந்து நீங்கிவிடவில்லை. ஆதலின் இம்முயற்சிகள் தனிப்பட்டோரின் வீடுகளிலன்றி, பாடசாலை, பல்கலைக்கழகம் ஆகிய நிறுவனங்களின் பொறுப்பில், உரிய அனுமதியுடன், வெளிப்படையாக நடைபெறுதல் விரும்பத்தக்கது.

மொழியும் அறிவும்

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அது அனைவருக்கும் திறந்ததாகிவிடாது. குனூ ரேடியோவின் விளக்கங்களும் பயிற்சிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கில அறிவு நகரங்களில் செறிந்திருக்கும் நாட்டில், திறந்த மூலம் ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றோருக்கே மேலும் ஒரு வாய்ப்பாக முடியும் அபாயம் உண்டு.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். சுயமொழிக் கல்வி பரவிய காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் அறிவியற் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அதன் பயனாக மீடிறன், அவத்தை, வீச்சம், பரிவு, சிக்கலெண் ஆகிய சொற்கள் மல்லாவி மத்திய கல்லூரியின் உயர்தர மாணவர் நாவிலும் இன்று இயல்பாக வழங்குகின்றன. மேலே மென்பொருள் வானொலியின் அடிப்படையை விளக்குவதற்குப் புதிய சொல்லெதுவும் ஆக்கவேண்டிய தேவை பெரிதும் ஏற்படவில்லை என்பதே இதற்குச் சான்றாகும். சொற்கள் பரீட்சை விடைத்தாளோடு நின்றுவிடுகின்றன என்பதே குறை. ஆகண் தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும் மாணவன், அப்புள்ளியே தன் தலைக்கு மேலாகச் செல்லும் அலை என்பதை அறிய வாய்ப்பளிக்கப்படவில்லை.

இக்குறையை நீக்கும் வாய்ப்பு இன்று அண்மையிலேயே உள்ளது. மல்லாவிக்கு வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது; தெற்கே வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விரண்டினதும் மாணவர், தமிழ்ச் சங்கங்களின் துணையுடன், மென்பொருள் வானொலிக்கான கைந்நூல் ஒன்றை நம் பாடநூற் சொற்களிலேயே ஆக்கி, மூலநிரலைப் போன்றே எவரும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிடலாம். பாடசாலை ஒன்றுக்கு ஒரு கருவியும், பழைய கணினி ஒன்றும், சில முழச் செப்புக் கம்பியுமே அதற்கு மேல் வேண்டப்படுவன. பெருஞ்செலவு வேண்டாத இம்முயற்சி நடைபெறாது போகுமாயின், அதற்கான காரணத்தைத் தொழினுட்பத்திலன்றி நம் கல்வியொழுங்கிலேயே தேடவேண்டியிருக்கும்.